குளிர்ந்த, கலங்கிய நீரில் எடுக்கும் படங்களில் ஏன் இத்தனை வெள்ளைப் புள்ளிகள்?

கேள்வி சுருக்கமாக இதுதான். தெளிந்த வெப்பமண்டலக் கடலில் நன்றாகப் படம் எடுத்துப் பழகிய ஒருவர் இப்போது 6, 7 டிகிரி குளிரில், 3 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத பச்சைத் தண்ணீரில் இறங்குகிறார். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், பின்னால் பச்சை மூட்டம், பாதி நேரம் ஃபோகஸ் பிடிப்பதில்லை. பவர் கூடிய ஃபிளாஷ் இரண்டு வாங்கி மாட்டியும் முன்பைவிட மோசமாக வருகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

கேமராவை மாற்ற வேண்டாம். படத்தைக் கெடுப்பது லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் படம் தேறும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே ஏதாவது ஒரு வகையில் இதற்குத்தான் வந்து சேரும்.

கலங்கல் நீரில் ஒளிக்கு இரண்டு விதமாகச் சேதம் ஆகிறது. தண்ணீரும் அதில் கரைந்திருப்பவையும் ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன, அது ஒன்று. மிதக்கும் மண்துகள், மிதவை உயிரிகள், மக்கிய இலைத் துணுக்குகள் எல்லாம் ஒளியைச் சிதறடிக்கின்றன, அது இன்னொன்று. உறிஞ்சப்பட்டதை ஃபிளாஷ் ஓரளவு ஈடுகட்டிவிடும், சிதறலுக்கு அதனிடம் மருந்து கிடையாது. ஒவ்வொரு மீட்டருக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு, பாதியாகும் தண்ணீர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 1 மீட்டரில் பாதி, 2 மீட்டரில் கால், 3 மீட்டரில் அரைக்கால் பங்குதான் மிஞ்சும். தூரம் கூடக் கூடப் படம் சீராகத் தேய்வதில்லை, மடமடவென்று விழுகிறது. அதனால்தான் ஒரு முழ தூரம் முன்னால் நகர்ந்தால் கிடைக்கிற லாபம் எந்த ஃபிளாஷ் வாங்கினாலும் கிடைப்பதில்லை.

பவர் கூடிய ஃபிளாஷ் ஏன் மோசமாக்கியது என்றால், பவரைக் கூட்டும்போது பொருள்மேல் விழும் ஒளி கூடுகிறது, சரி, ஆனால் நடுவில் மிதக்கும் துகள்மேல் விழுவதும் அதே விகிதத்தில் கூடுகிறது. போதாததற்கு, துகள் ஃபிளாஷுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதி தூரத்தில் இருக்கும் துகளுக்குப் பொருளைவிட நாலு மடங்கு ஒளி போய்ச் சேரும். அது நேராக லென்ஸுக்குத் திரும்பி வந்து வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். இதைத்தான் பேக்ஸ்கேட்டர் என்கிறார்கள்.

இருட்டறையில் ஓட்டைவழியே ஒரு கீற்று வெயில் விழும்போது அந்தக் கீற்றுக்குள் மட்டும் தூசி பறப்பது தெரியும், இல்லையா? அறை முழுக்கத் தூசிதான், ஆனால் வெளிச்சம் படாத தூசி கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீரிலும் அப்படித்தான். துகளை அகற்ற உங்களால் முடியாது, அதன்மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ள முடியும். லென்ஸிலிருந்து பொருள்வரை இருக்கும் தண்ணீர் இருட்டாக இருக்க வேண்டும், பொருள்மேல் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும்.

அதற்கு ஃபிளாஷ் இரண்டையும் நீளமான கைகளில் மாட்டி, பக்கவாட்டில் நன்றாக விரித்து, போர்ட்டின், அதாவது கேமராப் பெட்டியில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் ஜன்னலின், கண்ணாடிக்குப் பின்னால் இழுத்து வையுங்கள். பிறகு பொருளை நோக்கித் திருப்பாதீர்கள்! நேராக முன்னால் பார்க்கட்டும், அல்லது கொஞ்சம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கட்டும். ஃபிளாஷிலிருந்து வரும் ஒளி கூம்பு மாதிரி விரிந்துதான் வரும். அந்தக் கூம்பின் உள்விளிம்பு பொருளைத் தொட்டால் போதும், நடுப்பகுதி பொருளுக்கு வெளியே போகட்டும். தெளிந்த தண்ணீரில் பழகியவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம், பொருளைக் குறிவைத்து அடிப்பதுதான் இயல்பாக வரும். எவ்வளவு விரிப்பது என்றால், பொருள் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு பக்கவாட்டில். பொருள் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் ஃபிளாஷ்களை உள்ளே இழுத்துப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நடுவில் இருட்டு விழும். தண்ணீர் ரொம்ப மோசமாக இருந்தால் ஒரு ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரே பக்கத்திலிருந்து, அல்லது மேலிருந்து சாய்வாக, அடித்துப் பாருங்கள். நிழல் விழும், புள்ளி பாதியாகக் குறையும்.

சரி, எவ்வளவு பக்கத்தில் போக வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், முடிந்தால் கால் பங்குக்குள் என்று பலரும் சொல்வார்கள். 3 மீட்டர் தெரிகிறது என்றால் முக்கால் மீட்டர். நான் இன்னும் கறாராகவே சொல்வேன்: இந்தத் தண்ணீரில் அரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையும் முக்கியப் பொருளாக நினைக்காதீர்கள். நம் கண்ணும் மூளையும் மூட்டத்தை ஈடுகட்டிப் பார்க்கின்றன, சென்சார் அப்படிச் செய்யாது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த மீன் படத்தில் சாம்பல் பூசிய உருவமாக வருவது இதனால்தான்.

அவ்வளவு பக்கத்தில் போனால் பொருள் சட்டகத்துக்குள் அடங்காதே என்றால், அதற்குத்தான் மிக அகலமான கோணத்தைப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸ். நிலத்தில் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கும் அந்த லென்ஸ்தான் கலங்கல் நீரில் முதல் தேர்வு. முகத்தில் இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டு பாறை, பாசி, நண்டு எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரும். அதற்கு அரைக்கோள வடிவக் கண்ணாடி உள்ள டோம் போர்ட் வேண்டும். தட்டையான கண்ணாடி போட்டால் ஒளிவிலகலால் பார்வைக் கோணம் குறுகி எல்லாமே 33 சதவீதம் பெரிதாகத் தெரியும், வைட் ஆங்கிளின் பயனே போய்விடும். டோமுக்கும் ஒரு குணம் உண்டு. அது தனக்கு முன்னால் ஒரு மாயப் பிம்பத்தை உண்டாக்கும், எட்டத்தில் இருக்கும் பொருளின் பிம்பம்கூட டோமின் ஆரத்தைப்போல் சுமார் 3 மடங்கு தூரத்திலேயே விழும், லென்ஸ் அதைத்தான் ஃபோகஸ் செய்கிறது. அதனால் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் ஃபோகஸ் செய்யும் திறமை இருந்தாக வேண்டும். சின்ன டோம் வாங்குங்கள், கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் விட்டம் உள்ளது போதும். பெரிய டோமை வைத்துக்கொண்டு பொருளுக்கு அவ்வளவு அருகில் போக முடியாது, ஃபிளாஷையும் உள்ளே கொண்டுவர முடியாது.

கண் தெரிவது 1 மீட்டருக்கும் கீழே என்றால் ஃபிஷ்ஐயும் வேண்டாம், சின்னப் பொருள்களை மிக அருகில் எடுக்கும் மேக்ரோவுக்குப் போய்விடுங்கள். 60 எம்எம் போன்ற குட்டையான மேக்ரோ லென்ஸ் நல்லது, 100 எம்எம் எடுத்தால் பொருளிலிருந்து தள்ளி நிற்க வேண்டி வரும், நடுவில் மறுபடியும் தண்ணீர். குளிர்நீரில் மேக்ரோவுக்குப் பஞ்சமே இல்லை. கடல் சாமந்திகள், ஓடில்லாத வண்ண வண்ணக் கடல் நத்தைகள், பாறை இடுக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சின்ன மீன்கள் எல்லாம் பொறுமையாகப் போஸ் கொடுக்கும். ஃபிளாஷின் முன்னால் ஸ்னூட் என்கிற குழாயை மாட்டினால் ஒளி ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கிப் பொருள்மேல் மட்டும் விழும், சுற்றியுள்ள தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கலங்கல் இருந்த அடையாளமே தெரியாது. ஆனால் குளிரில் மரத்த கையோடு அந்த வட்டத்தைப் பொருள்மேல் நிறுத்துவது லேசான வேலை இல்லை, முதலில் கரையில் ஏதாவது ஒரு சின்னப் பொருளை வைத்து நன்றாகப் பழகிவிட்டு இறங்குங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெப்பமண்டலப் பாடம் இங்கே உங்களைத் தப்பான வழியில் கொண்டுபோகும். தண்ணீரில் சிவப்புதான் முதலில் மறையும், சிவப்பு ஃபில்டர் போட்டால் சரியாகும் என்று படித்திருப்பீர்கள். தெளிந்த நீலக் கடலுக்கு அது உண்மை. பச்சைத் தண்ணீரில் மிதவைப் பாசிகளின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் தின்றுவிடுகிறது, மிச்சம் பச்சை. அங்கே மெஜந்தா ஃபில்டர்தான் பொருந்தும், அதுவும் ஃபிளாஷ் இல்லாமல் மேல்மட்டத்தில் இயற்கை ஒளியில் எடுக்கும்போது மட்டும். கரிச்சேற்று நிலங்களிலிருந்து நீர் வரும் ஏரிகளில் இன்னும் விசேஷம்: இலைதழை மக்கிய சாறு கரைந்து தண்ணீர் பழுப்பாக இருக்கும், அது நீலத்தைத்தான் முதலில் விழுங்கும், சிவப்புதான் ஆழம்வரை போகும். அங்கே சிவப்பு ஃபில்டரால் ஒரு பயனும் கிடையாது. என் அபிப்பிராயம், பச்சையோடு சண்டை போடாதீர்கள். முன்னால் இருக்கும் பொருளுக்கு ஃபிளாஷ் அதன் சொந்த நிறத்தைக் கொடுத்துவிடும், பின்னால் தண்ணீர் பச்சையாகவே இருக்கட்டும். பச்சைப் பின்னணிமுன் ஆரஞ்சு நிறக் கடல் சாமந்தி நிற்கும் அழகு நீலக் கடலில் வராது. அதை நீலமாக மாற்றப் பார்த்தால் பொருளின் நிறமும் சேர்ந்து கெட்டுவிடும்.

பின்னணி எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பது ஷட்டரின் கையில் இருக்கிறது, பொருளின் வெளிச்சம் ஃபிளாஷின் பவர், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) ஆகியவற்றின் கையில். எஃப் 8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/60 என்று ஆரம்பியுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் 1/30 வரைக்கும் இறக்கலாம், அசையாத பொருள் என்றால் பரவாயில்லை, அதற்கும் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றுங்கள். பின்னணியே வேண்டாம், கறுப்பு போதும் என்றால் 1/200. புள்ளிகள் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரியும், வெளிச்சமான பச்சையில் பாதி கரைந்துவிடும். கலங்கல் கூடுதலான நாளில் பின்னணியை வெளிச்சமாக விடுவதற்கு இது ஒரு காரணம். கூட வருபவரிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து 2 மீட்டர் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். மங்கலான உருவமும் ஒரு வெளிச்சப் பொட்டுமாகத் தெரிவார், படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

ஃபோகஸ் பிடிக்காததற்குக் காரணம் கான்ட்ராஸ்ட் இல்லாதது, லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகளை கேமரா பொருள் என்று நம்பிவிடுவதும்தான். தானாகத் தொடரும் ஃபோகஸ் முறைகளை அணைத்துவிட்டு ஒற்றை ஃபோகஸ் புள்ளியை வையுங்கள். கண், ஓட்டின் விளிம்பு, பாறையின் ஓரம் என்று கூர்மையான கோடு எங்கே இருக்கிறதோ அங்கே பிடித்து, பூட்டிவிட்டு, பிறகு உடம்பை முன்பின்னாக நகர்த்தி எடுங்கள். ஃபோகஸ் விளக்கு ஒன்று வேண்டும், அதையும் லென்ஸுக்கு மேலே நேராக வைக்காமல் பக்கத்திலிருந்து காட்டுங்கள்.

அடுத்தது குளிர். நிறையப் பேர் இதைச் சொகுசு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், முதலில் போவது விரல்கள், அதற்கப்புறம் கவனம். தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் நல்லதாகவும், அதற்குள் உள்ளாடையும் இருந்தால் உடம்பு தாங்கும், ஆனால் கைதான் எவ்வளவு நேரம் படம் எடுக்கலாம் என்று முடிவு செய்யும். தடித்த கையுறை போட்டால் பட்டன்கள் விரலுக்குத் தெரியாது, மெல்லியது போட்டால் கால் மணி நேரத்தில் விரல் மடங்காது. கையுறை தடிப்பாகவே இருக்கட்டும், மாற்ற வேண்டிய செட்டிங்குகளைக் குறைத்துவிடுங்கள். என்ன லென்ஸ், என்ன பொருள், எந்த அபெர்ச்சர் என்று மேலேயே முடிவு செய்துவிட்டுக் கீழே ஷட்டர் வேகத்தையும் ஃபிளாஷ் பவரையும் மட்டும் தொடுங்கள். தடித்த கையுறையோடு கரையில் உட்கார்ந்து ஹவுசிங்கின் (கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டி) ஒவ்வொரு பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பழகியவருக்குக் கீழே பாதி வேலை மிச்சம்.

உயிர் சம்பந்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, அதை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைக்கும் ரெகுலேட்டரின் முதல் கட்டத்தில் திடீரென்று விரியும்போது கடுமையாகக் குளிரும். சுற்றியிருக்கும் தண்ணீரும் குளிராக இருந்தால் அங்கே பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும், காற்று கொட்டிக்கொண்டே போகும். ஈஎன் 250 என்ற ஐரோப்பியத் தரத்தில் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று முத்திரை குத்திய ரெகுலேட்டர்கள் உண்டு, அவற்றோடு இந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது. நல்ல குளிர்நீர் ரெகுலேட்டராக இருந்தாலும் இறங்குவதற்கு முன் உறைகுளிர் காற்றில் அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள், கீழே ட்ரைசூட்டுக்குச் சின்னச் சின்னதாகக் காற்று விடுங்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவர் அழுத்தமானியைப் பார்க்க மறந்துவிடுவார். கூட வருபவர் வெறும் மாடல் இல்லை, அவருடைய முதல் வேலை உங்களைக் கவனிப்பது என்று இறங்கும் முன்னே பேசிக்கொள்ளுங்கள்.

டோமின் உள்பக்கம் பனி படிவதற்குக் காரணம் ஹவுசிங்கை எங்கே மூடினீர்கள் என்பதில் இருக்கிறது. 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் மூடினால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது நீர் கோர்க்கத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 17 டிகிரி. 6 டிகிரித் தண்ணீர் பட்டவுடன் கண்ணாடியில் நீர் கோர்க்காமல் என்ன செய்யும்? குளிர்ந்த, வறண்ட இடத்தில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே போடுங்கள், கேமராவைத் தேவையில்லாமல் ஆன் செய்து சூடாக்காதீர்கள். தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி இருந்தாலும் கதை முடிந்தது, மரத்த விரலுக்கு அது தெரியாது. அதனால் அந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். வெளியே காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் ஈரமான பட்டன்கள் உறைந்துபோகும், இரண்டு முக்குளிப்புகளுக்கு நடுவே ஹவுசிங்கை ஒரு தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், தண்ணீரில் இறங்கும்வரை உள்பையில் உடம்போடு வைத்திருங்கள். ஃபிளாஷுக்கு ஆல்கலைன் போடாதீர்கள், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும்.

எப்போது இறங்குவது என்பதும் படத்தைப் பாதி தீர்மானிக்கும். குளிர் தண்ணீரைக் கலக்குவதில்லை. உலகத்தில் மிகத் தெளிந்த தண்ணீர்களில் ஒன்று ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் இருக்கிறது, ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். கலக்குவது ஊட்டச்சத்தும் வெயிலும் சேரும்போது பெருகும் மிதவைப் பாசிகள், மழைநீர் கொண்டுவரும் மண், அலை கிளப்பும் வண்டல். மிதக் குளிர்க் கடல்களில் வசந்தத்தில் பாசி பெருகும், பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இன்னொரு முறை. நடுக் குளிர்காலத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும், தாங்க முடிந்தவர்களுக்கு அதுதான் நல்ல காலம். ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்திருக்கும். மேலே 8, 10 மீட்டர்வரை ஒன்றும் தெரியாவிட்டாலும் மனம் விட்டுவிடாதீர்கள், பாசி வெளிச்சம் இருக்கும் மேலடுக்கில்தான் தங்கும், கீழே இருட்டாக ஆனால் தெளிவாக இருக்கலாம். நடுவில் வெப்பநிலை மாறும் எல்லையில் எல்லாம் நெளிந்து தெரியும், அங்கே நின்று எடுக்காதீர்கள், மேலேயோ கீழேயோ போய்விடுங்கள்.

பல நேரம் கலங்கலை உண்டாக்குவது நம் துடுப்புதான். தவளை நீச்சல், பின்னோக்கிப் போகும் உதைப்பு, அடிமட்டத்தைத் தொடாத மிதப்பு, இந்த மூன்றும் இல்லாமல் எந்த உபகரணமும் உதவாது. நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்துப் பொருளை அணுகினால் நீங்கள் கிளப்பிய தூசி உங்களுக்குப் பின்னால் போய்விடும்.

மூழ்கிய கப்பல் மாதிரிப் பெரிய பொருளுக்கு என்ன செய்வது? தள்ளி நின்று முழுசாக எடுக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். பால்டிக் கடலில் 1564இல் மூழ்கிய மார்ஸ் என்ற ஸ்வீடன் போர்க்கப்பல் 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது. இருட்டும் குளிருமான அந்த ஆழத்தில் பக்கத்திலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் கோர்த்துத்தான் முழுக் கப்பலையும் காட்டினார்கள். ஒருவரும் அதை அப்படி ஒரே பார்வையில் கண்ணால் பார்த்ததில்லை. பாலத் தூண், அணைக்கட்டு ஆகியவற்றைச் சோதிக்கும் தொழில்முறை முக்குளிப்பவர்களிடம் இன்னொரு வழி உண்டு: லென்ஸுக்கு முன்னால் நல்ல தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியை மாட்டி, அதைப் பொருள்மேல் ஒட்ட வைத்து எடுப்பார்கள். கலங்கல் நீரின் இடத்தைத் தெளிந்த நீர் பிடித்துக்கொள்கிறது. கை தெரியாத சேற்றுத் தண்ணீரிலும் வெல்டிங் விரிசல் தெரியும். முதல் நீரடிப் படமே இப்படிப்பட்ட தண்ணீரில்தான் எடுக்கப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1856இல் இங்கிலாந்தின் வேமவுத் கரையில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துச் சுமார் 5.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, 10 நிமிடம் ஒளி காட்டி எடுத்தார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தும் மங்கலாக ஒரு படம் கிடைத்தது.

எடுத்து வந்த பிறகு கணினியில் என்ன செய்யலாம் என்றால், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் கொஞ்சம் செய்யலாம். மூட்டம் நீக்கும் ஸ்லைடரை முழுப் படத்துக்கும் இழுத்தால் புள்ளிகளும் சேர்ந்து கூர்மையாகிவிடும், பொருளின் மேல் மட்டும் லேசாகப் பூசுங்கள். புள்ளிகளைப் பின்னணியில் அழிக்கலாம், மீனின் செதில்மேல் விழுந்ததை அழிப்பது கஷ்டம். தண்ணீரின் விளைவைக் கணக்கிட்டுக் கழிக்கும் சீ-த்ரூ என்ற முறையை தெர்யா அக்காய்னாக்கும் தாலி ட்ரெய்பிட்ஸும் 2019இல் வெளியிட்டார்கள், அருமையான வேலை, ஆனால் அதற்குப் படத்தின் ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற விவரம் வேண்டும், அதுவும் இயற்கை ஒளியில் எடுத்த படங்களுக்குத்தான். உங்கள் ஃபிளாஷ் கிளப்பிய புள்ளிகளை அது அகற்றாது. உடைந்த கப்பலின் விளிம்பு, நீண்டு நிற்கும் பாசிக்காடு போன்றவை நிறத்தில் தேறாவிட்டால் கறுப்பு வெள்ளையில் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுதான் சரியாக அமையும்.

கடைசியாக, கேமராவை மாற்றலாமா என்ற கேள்விக்கு. கையில் பணம் இருந்தால் முதலில் ட்ரைசூட்டுக்கும் உலர் கையுறைக்கும் செலவு செய்யுங்கள், குளிரில் நடுங்குபவர் கையில் எந்த கேமராவும் ஒன்றுதான். அதற்கடுத்து நீளமான ஃபிளாஷ் கைகள், பிறகு ஃபிஷ்ஐயும் சின்ன டோமும், பிறகு ஸ்னூட். நீங்கள் வாங்கிய ஃபிளாஷ்கள் வீண் போகவில்லை, அகலமாக விரித்துக் கால்பங்கு பவரில் வைத்து எடுங்கள். அடுத்த முறை இறங்கும்போது வைட் ஆங்கிளா மேக்ரோவா என்று ஒன்றை மட்டும் தேர்ந்து, ஒரே பாறையில், அசையாத ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, ஃபிளாஷ்களை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் இடம் மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் புள்ளி குறைகிறது என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.